நாகஜோதியின் ஐந்தாவது வட்டம்

நாகஜோதியின் இடது கை தாளை நீவிவிடும். முதலில் நடுவில், பிறகு இரண்டு ஓரங்களில். அதற்குள் வலது கை ஸ்டிக்கர் தாளிலிருந்து சிவப்பு அம்பு ஒன்றை நகத்தால் உரித்துத் தயாராக வைத்திருக்கும். ஒரு வரியைக் கண் ஓடி முடிப்பதற்கு முன்பே விரல் தாளின்மேல் அலைய ஆரம்பித்துவிடும். ஒட்டுவாள். அடுத்த வரி.

பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் டீ-ஷர்ட்டை அப்படித்தான் பார்ப்பார்கள். நீவு, பார், ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்ட தையலோ இருந்தால் அந்த இடத்தில் அம்பை ஒட்டு, அடுத்த பீஸை எடு. பகல் முழுவதும் கம்பெனியில் அதைச் செய்துவிட்டு, சாயங்காலம் தன் அறையில் கால் நீட்டி உட்கார்ந்து ஆங்கில வாக்கியங்களுக்கும் அதையே செய்தாள். வங்கி கிளார்க் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். அந்தத் தேர்வில் ஒரு வாக்கியத்தை நான்கு துண்டாக வெட்டிக் கொடுப்பார்களாம். எந்தத் துண்டில் இலக்கணப் பிழை இருக்கிறதோ அந்தத் துண்டின் எண்ணுக்குரிய வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். பிழையே இல்லை என்றால் அதற்கு ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு.

இது இரண்டாயிரத்து ஒன்பதில் நடந்தது. திருப்பூரில் மங்கலம் ரோட்டைத் தாண்டி உள்ளே ஒரு லைன் வீடு. ஒன்பது அறை, இரண்டு கக்கூஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி. முன்பக்கத்துப் பெரிய வீட்டில் லைனின் சொந்தக்காரி ஜானகியம்மாள் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் இருந்தார். அவரைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, ஊட்டிவிட நான் வேலைக்கு வந்தேன். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளி பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள் நான். நர்ஸ் அல்ல என்று எத்தனை முறை சொன்னாலும் லைனில் எல்லோருக்கும் நான் நர்சம்மாதான்.

நாகஜோதி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். தபால் வழியில் பி.ஏ. வரலாறு படித்திருந்தாள். கட்டியவன் கேரளத்துக்கு வேலைக்குப் போனவன், வரவில்லை. அதை அவளாகச் சொல்லவில்லை, நானும் கிளறவில்லை. வயது முப்பதைத் தொட்டிருந்தது. சலுகை எல்லாம் சேர்த்தும் அந்த வருடத்தோடு வங்கித் தேர்வு எழுதும் வயது முடிந்துவிடும். அதற்கு முன் இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் ஆங்கிலத்தில்தான் விழுந்திருந்தாள்.

அவளோடு எனக்குப் பழக்கமானது வாடையால். தொட்டிக்கரையில் என் பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த வாடை தெரியும். எலி செத்த வாடைக்கும் புண் அழுகுகிற வாடைக்கும் வித்தியாசம் உண்டு. பாவாடையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். கூச்சப்பட்டாள். அதட்டினேன். இடது கணுக்காலுக்கு மேல் உள்பக்கம், மெரூன் நிறத் துணியை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தாள். புண்ணோடு சேர்ந்து ஒட்டிக் காய்ந்து போயிருந்தது.

"என்னத்த வெச்சுக் கட்டியிருக்கறே கண்ணு?"

"வேஸ்ட் துணி நர்சம்மா. புதுசுதான். கட்டிங்ல விழுந்தது."

"சாயத் துணிய புண்ணுல கட்டச் சொல்லி எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்குது?"

"வெள்ளை கிடைக்கலை. இந்த ஆர்டர் பூராவும் மெரூனுதான்."

உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஊறவைத்துத்தான் அதை எடுக்க முடிந்தது. உள்ளே பஞ்சுத் தூள் அப்பியிருந்தது. நரம்பு சுருண்டு, ரத்தம் மேலே ஏறாமல் தேங்கி வருகிற புண். வருடக்கணக்கில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு வரும். காலை உயர்த்தி வைத்து, இறுக்கமாகப் பட்டைத் துணி சுற்றி, நிற்பதை விட்டால் ஆறும். நின்றால் ஆறாது. அரசு ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"நிக்கிற வேலைய விட்ரும்மான்னு சொன்னாரு டாக்டர். அப்போ உக்காருற வேலைக்கு நீங்களே சீட்டு எழுதித் தாங்கன்னேன். சிரிச்சிட்டாரு."

டெய்லர்கள் உட்கார்ந்துதானே தைக்கிறார்கள், மிஷின் பழகேன் என்றேன். பழகுகிற வரை டெய்லர் பக்கத்தில் துணியை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலையில் மாதக்கணக்கில் நிற்க வேண்டுமாம். செக்கிங்கில் உட்கார அனுமதியே கிடையாது. அவர்கள் ஃப்ளோர் இன்சார்ஜ் லிங்கசாமி என்ற மனிதர், உட்கார்ந்தால் பெண்களுக்குத் தூக்கம் வரும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆக, நாகஜோதிக்கு வங்கி வேலை என்றால் பெருமையும் அல்ல, ஊரில் மதிப்பும் அல்ல. ஒரு நாற்காலி. கவுண்ட்டருக்குப் பின்னால் போட்டிருக்கும் அந்தச் சுழல்கிற நாற்காலி. அதற்காகத்தான் அத்தனை வாக்கியங்கள்.

மலத்தையும் சீழையும் கையால் அள்ளிப் பழகியவள் நான். அதிலெல்லாம் எனக்குக் குமட்டாது. குமட்ட வைப்பது வேறு சங்கதிகள். அதில் ஒன்று கொஞ்ச நாளில் தெரியவந்தது.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரிக்கு மேலே கிட்டுசாமி மாஸ்டர் ஒரு கோச்சிங் சென்டர் நடத்தினார். வங்கித் தேர்வைப் பலமுறை எழுதித் தேறாமல், பிறகு அதைச் சொல்லிக்கொடுப்பவராக ஆனவர். அவரே அச்சடித்த ஒரு பயிற்சிப் புத்தகம், வாரத்துக்கு அதிலிருந்து ஒரு மாதிரித் தேர்வு. விடைத்தாளை அவர் தொடவே மாட்டார். பிள்ளைகள் தாளை மாற்றிக்கொள்ள வேண்டும், அவர் மைக்கில் விடைகளைப் படிப்பார், மதிப்பெண்ணை அவர்களே போட்டுக்கொள்ள வேண்டும். முப்பது பேர் இருக்கிற அறைக்கு எதற்கு மைக் என்று எனக்கு இன்று வரை புரியவில்லை. அந்த சென்டரில் ஆங்கிலத்தில் எப்போதும் நாகஜோதிதான் முதல். படிக்கட்டில் அவள் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார். அவள் இரண்டு முறை தோற்றவள் என்பதை எழுதவில்லை.

அந்த முறை தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன் அவள் கோயமுத்தூர் போய், பழைய ஆண்டுகளின் உண்மையான வினாத்தாள்கள் அடங்கிய புத்தகம் ஒன்றை வாங்கிவந்தாள். அதில் எழுதிப் பார்த்தால் மதிப்பெண் சரிந்து விழுந்தது. சென்டரில் முதல், புத்தகத்தில் கடைசி. என்ன செய்தாள் தெரியுமா? புத்தகத்தின் பின்பக்கத்து விடைப்பட்டியலில் சிவப்பு அம்பு ஒட்ட ஆரம்பித்தாள். புண்ணைக் கழுவ நான் போனபோது அந்தப் பக்கம் முழுக்க அம்பாக இருந்தது.

"இது என்ன கண்ணு?"

"விடையெல்லாம் தப்பா போட்ருக்காங்க நர்சம்மா. அச்சடிச்சவன் சரியில்ல."

எனக்கு ஆங்கிலம் மருந்துப் புட்டி படிக்கிற அளவுக்குத்தான். காலை நீட்டு என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு காலை. அவள் காலை ஒரு குடத்தின் மேல் தூக்கிவைத்துப் பழைய கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் முத்துப்பேச்சி வந்து நின்றாள். அவளும் தெற்கத்திக்காரிதான், அதே கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் டெய்லர், லைனில் கடைசி அறை. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. கையில் ஒரு டீ-ஷர்ட்டைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். கம்பெனியிலிருந்து எப்படி வெளியே கொண்டுவந்தாள் என்று நான் கேட்கவில்லை.

"ஏட்டி நாகஜோதி, இந்தத் தையல்ல என்னத்தட்டி தப்பு கண்டே?"

நாகஜோதி டீ-ஷர்ட்டைப் பார்த்தாள். தோள்பட்டைத் தையலில் அவள் மேசை முத்திரையோடு ஒரு அம்பு இருந்தது.

"யக்கா, அது வந்து..."

"வரவேண்டாம். நான் வெயில்ல வச்சுப் பாத்துட்டேன், விளக்குல வச்சுப் பாத்துட்டேன். என் கொமரி கல்யாணத்துக்குக்கூட இப்படி ஒரு தையல் விழாது. இதப் பிரிச்சு மறுபடி தச்சுக் குடுத்தேன். அதுக்குக் கூலி உங்கப்பனா தருவாரு?"

"கட்டுக்கு ஒண்ணாவது ஒட்டணும்லா யக்கா. உனக்குத் தெரியாததா?"

எனக்குக் குமட்டிய சங்கதி அதுதான். எனக்கு விளங்குகிற வரை இருவரிடமும் மாற்றி மாற்றிக் கேட்டேன். செக்கிங்கில் ஒரு கட்டு பீஸைப் பார்த்து முடித்து, ஒரு அம்புகூட இல்லாமல் கட்டி அனுப்பினால் லிங்கசாமி நம்ப மாட்டார். 'பாக்காமயே கட்டீட்டீங்களாட்ட இருக்குதுங்' என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லி, வேலை நேரம் முடிந்த பிறகு அந்தக் கட்டை முழுவதும் மறுபடி பார்க்க வைப்பார். நின்றபடிதான். அதற்குப் பயந்து எல்லாப் பெண்களும் நல்ல பீஸ் ஒன்றிலோ இரண்டிலோ அம்பை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். அது டெய்லரிடம் திரும்பும். அவள் பிரித்துத் தைப்பாள், கூலி இல்லாமல். இன்சார்ஜுக்கு வேலை நடக்கிறது என்று திருப்தி. சுத்தமான துணியைக் குத்தம் சொல்லிப் பிரித்து, அதில் ஊசி ஓட்டை போட்டு மறுபடி தைப்பதற்கு அந்தக் கம்பெனியில் தரம் என்று பெயர். தூ.

"அப்போ எந்தக் கட்டுல பாத்தாலும் எம் பீஸுதான் கிடைச்சுதா உனக்கு?" முத்துப்பேச்சி உள்ளே வந்துவிட்டாள். "ஒரே லைன்ல குடியிருக்கோம், ஒரே தண்ணிய மோக்கோம். மத்தவ பீஸுல ஒட்டுனா சண்டைக்கு வருவா, பேச்சி அக்கா வரமாட்டான்னு நினைச்சே, அப்படித்தானே?"

நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் நினைத்தது அதுதான் போலிருக்கிறது. எனக்கு அவள் காலைப் பிடித்திருந்த கையை எடுத்துவிடலாமா என்று இருந்தது. புண் புண்தான், எடுக்கவில்லை.

முத்துப்பேச்சிக்குக் கோபத்தில் கை சும்மா இருக்காது. பக்கத்தில் அடுக்கிவைத்திருந்த தாள்களை எடுத்து விசிறினாள். நாகஜோதி பயிற்சி செய்த விடைத்தாள்கள் அவை. வரிசை வரிசையாக வட்டங்கள், கேள்விக்கு ஐந்து, அதில் ஒன்று கருப்பாக்கியது. விசிறியவள் நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"இதென்னட்டி, மேலேருந்து கீழ நாலு வரிசையில புள்ளி புள்ளியா வச்சிருக்கே. கடைசி வரிசை மட்டும் ஆத்துமணல் கணக்கா வெள்ளையா கிடக்கு?"

"அது தப்பு இல்லாததுக்கு யக்கா. வாக்கியம் சரியா இருந்தா அதுல போடணும்."

"ஓஹோ." முத்துப்பேச்சி அடுத்த தாளைப் புரட்டினாள். அதற்கடுத்ததை. "எங்கயாவது ஒண்ணாவது சரியா இருக்குன்னு ஒத்துக்கிட்டிருக்கியாட்டி நீ? வெள்ளைக்காரனே எழுதிக் குடுத்தாலும் அவன் பீஸுலயும் ஸ்டிக்கர் ஒட்டுவே போலிருக்கே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. நாகஜோதிக்கு வரவில்லை. தாள்களைப் பிடுங்கி மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை எடுத்துப் பின்பக்கம் அம்பு ஒட்டிய இடங்களைப் பார்த்தாள். அவள் தப்பு என்று அடித்த விடை எல்லாமே ஐந்தாம் எண்.

"நான் கட்டை முடிக்கட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டேன். நானே சுற்றினேன்.

மறுநாள் சாயங்காலம் பட்டைத் துணி வாங்க நான் மருந்துக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. அவளும் கூட வந்து, வழியில் என்னையும் சென்டருக்கு இழுத்துப் போனாள். சென்டரின் படிக்கட்டில் ஏறியபோது வெண்ணெய் பிஸ்கட் வாசனையோடு ஜன்னல் திறக்காத அறையின் நாற்றமும் வந்தது. கிட்டுசாமி மாஸ்டர் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாகஜோதி நேராகக் கேட்டாள்.

"சார், நம்ம புக்குல தப்பில்லாத வாக்கியமே வரலையே. பரீச்சையில நிறைய வருதே."

"அதையெல்லாம் எடுத்துட்டனுங்கம்மா."

"ஏன் சார்?"

"பசங்க சலிச்சுக்கறாங்கம்மா. தப்புக் கண்டுபிடிச்சாத்தான் படிச்சாப்பல இருக்குதும்பாங்க. தப்பில்லைன்னு சொல்றதுக்கு எதுக்குங்க ஃபீஸ் கட்டி வரோணும்?" என்னைப் பார்த்து, நான் ஒத்துக்கொள்வேன் என்று சிரித்தார். "நீங்க சொல்லுங்கம்மா, சரிதானுங்க?"

"உங்க புஸ்தகத்தப் படிச்சுட்டு இந்தப் புள்ள ரெண்டு தடவ உழுந்திருக்குதுங்க" என்றேன்.

"அதுக்குத்தானுங்க மறுபடி சேந்திருக்குது" என்றார் அந்த மனிதர். வெட்கமே இல்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரே ஊசியை இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போன கம்பவுண்டர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அதே முகம். நான் நாகஜோதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அவள் பெயர் ஒட்டிய தாளை இறங்கும்போது அவளே கிழித்தாள். ஓரம் மட்டும் சுவரில் நின்றது.

அதற்குப் பிறகு சென்டருக்குப் போகவில்லை. கோயமுத்தூரில் வாங்கிய புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விடைப்பட்டியலிலிருந்த அம்பை எல்லாம் உரித்தெடுத்தாள். சில இடத்தில் அச்சு எழுத்தும் சேர்ந்து உரிந்து வந்தது. சரியான வாக்கியத்தைச் சரி என்று விடுவது எளிது என்றுதான் நான் நினைத்தேன். அவளால் முடியவில்லை. ஐந்தாவது வட்டத்தின் மேல் பென்சிலைக் கொண்டுபோவாள், திரும்பி வந்து வாக்கியத்தை மறுபடி படிப்பாள், எங்கோ ஏதோ இடிக்கிற மாதிரி இருக்கும், நான்கில் ஒன்றைக் கருப்பாக்குவாள். விடையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். வேர்த்து விடும்.

"என்ன பயம் கண்ணு? இங்க லிங்கசாமியா வந்து நிக்கறாரு?"

"நிக்காரு நர்சம்மா" என்றாள்.

பிறகு அவள் எடுத்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. கம்பெனியிலும் பொய் அம்பு ஒட்டுவதை நிறுத்திவிட்டாள். அங்கே ஒட்டிக்கொண்டே இருந்தால் இங்கே கை நிற்காது என்றாள்.

"கை ஒண்ணுதானே நர்சம்மா. கம்பெனிக்கு ஒண்ணு, பரீச்சைக்கு ஒண்ணுன்னு ரெண்டு வச்சிருக்கேனா?"

"கை சரி. காலு?"

லிங்கசாமி அவளை விட்டுவைக்கவில்லை. அம்பு இல்லாத கட்டு வந்த ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் நின்று பார்க்க வேண்டியிருந்தது. முத்துப்பேச்சி வந்து சொல்வாள். முதலில் கிண்டலாகத்தான் சொன்னாள்.

"உங்க செல்லப் பிள்ளைக்கு ஞானம் வந்துட்டு நர்சம்மா. எம் பீஸெல்லாம் இப்பம் தங்கமா தெரியுதாம்."

பிறகு கிண்டல் நின்றுவிட்டது. ஒரு நாள் அவளே லிங்கசாமியிடம் போய், என் பீஸில் இரண்டு ஒட்டச் சொல்லுங்கள், நான் பிரித்துத் தைத்துக்கொள்கிறேன், அவளை வீட்டுக்கு விடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். "உங்களைங்களா கேட்டேன்?" என்றாராம் அவர். அந்த ஊர் மரியாதை அப்படி. செருப்பால் அடித்தாலும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள்.

கால் நாளுக்கு நாள் மோசமானது. விளிம்பு வெளுத்து ஊறிப் போனது. புண் சுண்டுவிரல் நீளம் கூடியது. நான் ஒளிவுமறைவு வைத்துப் பேசுகிறவள் அல்ல. உட்காருகிற வேலை கிடைப்பதற்குள் உட்கார மட்டுமே முடிகிற கால் ஆகிவிடும் என்று சொன்னேன். லீவு போடு என்றேன். லீவு போட்டால் வாடகை யார் தருவார்கள் என்றாள். ஆனால் ஐந்தாவது வட்டம் தாளில் கருக்க ஆரம்பித்திருந்தது. அதைக் காட்டினாள். நான் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. காலும் கருக்க ஆரம்பித்திருந்தது. அதை நான் காட்டினேன்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை, கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில். முகூர்த்த நாள். பஸ்ஸில் நிற்கத்தான் இடம். அவிநாசியிலாவது யாராவது இறங்குவார்கள் என்று பார்த்தாளாம். இறங்கியதை விட ஏறியவர்கள் அதிகம். போய்ச் சேருவதற்குள் நான் காலையில் சுற்றிவிட்ட கட்டு நனைந்துவிட்டது. சாயங்காலம் திரும்பி வந்ததும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கட்டைப் பிரிக்கும்போது அங்கே நடந்ததைச் சொன்னாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

பக்கத்து இருக்கைப் பெண் முதலில் மூக்கைச் சுளித்தாளாம். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டாளாம். பின்னால் யாரோ ஜன்னலைத் திறக்கச் சொல்லி இருக்கிறார்கள். மேற்பார்வைக்கு நின்றவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வரிசை வரிசையாக வந்து, எலி எதுவும் செத்துக் கிடக்கிறதா என்று நாகஜோதியின் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தாராம். பார்த்தவர் நிமிர்ந்து நகர்ந்து போய், கடைசி வரை அந்தப் பக்கம் வரவே இல்லை.

"காலைப் பின்னாடி இழுத்து இழுத்து வச்சுக்கிட்டேன். எழுதத்தான் எழுதினேன் நர்சம்மா. சரியா இருந்ததைச் சரின்னு விட்டேன். அந்தப் பயம் வரலை. ஆனா அவரு குனிஞ்சு பாத்த பிறவு ஒரு பக்கம் அப்படியே கிடந்துபோச்சு. வாசிக்கேன், மண்டையில ஏறலை."

வங்கியில் வேலை செய்ய வந்த படித்த கூட்டம்! அழுகின புண்ணோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், வலிக்கிறதா என்று ஒரு வாய் கேட்கவில்லை. எலியைத் தேடியிருக்கிறார்கள். அந்தக் கட்டை வாளியில் போட்டபோது எழுந்த வாடை கொஞ்சமில்லைதான். அது என்னை ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கைக்குட்டையை நினைத்தபோதுதான் தாங்கவில்லை. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

தேறினாளா என்று கேட்பீர்கள். தேறவில்லை. பல மாதம் கழித்து வந்த பட்டியலில் அவள் எண் இல்லை. அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கே எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"ரிசல்ட்டு வர மாசக்கணக்கு ஆகும் கண்ணு. உன்ற காலு அது வரைக்கும் காத்திருக்காது. இன்னும் ஒரு மாசம் இப்படி நின்னா எடுக்கச் சொல்லுவாங்க."

முத்துப்பேச்சி கதவோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. நாகஜோதி காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். எனக்கு ஜானகியம்மாளுக்கு மருந்து கொடுக்கிற நேரம்.

"நர்சம்மா, உக்காந்து பாத்தா பீஸ்ல ஓட்டை தெரியாதா?" என்றாள்.

"எனக்கென்ன தெரியும்? உனக்குக் கண்ணு முழங்காலுக்குக் கீழயா இருக்குது?"

"அந்த மேசைக்கு நம்ம ஸ்டூலு எட்டாதுட்டி" என்றாள் முத்துப்பேச்சி உடனே. "டெய்லர் ஸ்டூலு குட்டை. ஒசரமா வேணும்."

உயரமான ஸ்டூல் ஒன்று ஜானகியம்மாள் சமையலறையில் இருந்தது. பரணுக்கு ஏறுவதற்கு வைத்திருந்தார்கள். கேட்டேன். அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணி இருந்தாலும் பேச்சு தெளிவாக வரும். "எடுத்துக் குடுங்க. நான் என்ன இனிப் பரணுக்கா ஏறப்போறேன்?" என்றார்.

திங்கட்கிழமை காலை நல்ல பஞ்சும் துணியுமாக வைத்து அழுத்திச் சுற்றிவிட்டேன். ஸ்டூலை முத்துப்பேச்சி தலைகீழாகத் தலையில் கவிழ்த்து, இரண்டு காலைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தாள். கேட்டில் வாட்ச்மேன் இது என்ன என்று கேட்டதற்கு, "கோயில் முளைப்பாரி, தெரியலையா? தள்ளி நில்லுங்க" என்றிருக்கிறாள். மற்றதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நாகஜோதி மேசைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டாள். காலியாகக் கிடந்த ஒரு அட்டைப் பெட்டியைப் பக்கத்தில் இழுத்து இடது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். முதல் பீஸ் கட்டைப் பிரித்தாள். மற்ற பெண்கள் நின்றபடியே அவளைப் பார்த்தார்கள். லிங்கசாமி வந்தார்.

"ஏனுங்கம்மா, இது உங்க ஊடுங்களா?"

"இல்லீங்க."

"எந்திரிங்க."

"பீஸ் பாக்கணுமா, நான் நிக்கணுமா? எது வேணும்னு சொல்லுங்க. ரெண்டும் இந்தக் காலுக்கு ஆகாது." பாவாடையை ஒரு சாண் உயர்த்திக் கட்டைக் காட்டியிருக்கிறாள். தொட்டிக்கரையில் என்னிடம் காட்டவே கூச்சப்பட்டவள், அத்தனை பேர் முன்னால்.

லிங்கசாமி மூக்கில் கை வைக்கப் போனார். முத்துப்பேச்சி மிஷினை நிறுத்திவிட்டாள். அவளைப் பார்த்து அந்த வரிசையில் இன்னும் இரண்டு மூன்று மிஷின் நின்றது. அன்று மத்தியானம் லாரியில் சரக்கு ஏற வேண்டும். பார்க்காத கட்டுகள் சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவர் கையை இறக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நாகஜோதி முதல் கட்டை முடித்துக் கட்டி ஓரமாகத் தள்ளினாள். அடுத்ததை எடுக்க எழுந்திருக்கவில்லை.

லிங்கசாமி போய் ஒரு கட்டைத் தூக்கி வந்து அவள் மேசையில் வைத்தார்.